வேலைத்தளத்திலேயே சூப்பர்வைசரை உருவாக்குவது எப்படி?

தொழிற்கூடங்களில் வழக்கமாக நடப்பது இதுதான். லேத்தில் எல்லாரையும்விட நன்றாக வேலை செய்கிறவரை ஒருநாள் சூப்பர்வைசர் ஆக்கிவிடுகிறார்கள். அவருக்கு இயந்திரம் தெரியும்; பத்துப் பேரிடம் வேலை வாங்கிப் பழக்கமில்லை. குறை தெரிந்ததும் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அங்கே கேட்டதெல்லாம், ஷிஃப்டில் மூன்று பேர் வராத காலையில் கைகொடுப்பதில்லை. தலைமைத் திறனை வேலை நடக்கும் இடத்தில்தான் வளர்க்க முடியும். உண்மையான பொறுப்பைச் சிறிது சிறிதாகக் கையில் கொடுக்க வேண்டும். செய்ததை அன்றன்றே கூட உட்கார்ந்து அலசவும் வேண்டும். அலசலை விட்டுவிட்டுப் பொறுப்பை மட்டும் கொடுத்தால், அது பயிற்சியாகாது, சுமையாகத்தான் இருக்கும்.

இதற்கு வலுவான சான்று இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிடைத்தது. ஆயுதத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் போதாமல், புதியவர்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்த நேரம். அமெரிக்க அரசு 1940-ல் ‘தொழிலகத்துக்குள் பயிற்சி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு பாடமும் ஐந்து அமர்வுகள். அமர்வுக்கு இரண்டு மணி நேரம். குழுவில் பத்துப் பேர் அளவில். வேலை கற்பிக்கும் பாடத்துக்கு வந்த ஒவ்வொரு மேற்பார்வையாளரும் தம் பட்டறையில் நடக்கும் ஒரு வேலையைக் கொண்டுவந்து, குழுவின் முன் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துக் காட்ட வேண்டும். 1945-ல் திட்டம் முடிந்தபோது 16 லட்சம் பேருக்கு மேல் பயிற்சி பெற்றிருந்தார்கள். போருக்குப் பின் இதே முறை ஜப்பானுக்குப் போனது. 1950-களின் தொடக்கத்தில் டொயோட்டா இதை எடுத்துக்கொண்டது.

உங்கள் தொழிற்கூடத்தில் இதைத் தொடங்க, வருங்கால சூப்பர்வைசராக நீங்கள் நினைக்கும் ஒருவரிடம், ஒரே ஒரு வேலையைப் புதியவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். கற்பிப்பதற்கு முன் அந்த வேலையை ஒரு தாளில் பிரித்து எழுதட்டும்: முக்கியப் படிகள், ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டியது, அதன் காரணம். கவனிக்க வேண்டியது எது என்று தேர்வு செய்ய மூன்று கேள்விகள் போதும். வேலை சரியாக அமைவதும் கெடுவதும் எதில் இருக்கிறது? ஆளுக்குக் காயம் எதனால் வரும்? எப்படிச் செய்தால் கை சுலபமாகப் போகும்? கிரைண்டிங் வீல் மாட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் பிணைப்புள்ள வீலை மாட்டுமுன், அதைத் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல வீல். மந்தமாகச் சத்தம் வந்தால் விரிசல் இருக்கலாம், மாட்டக் கூடாது. விரிசல் விட்ட வீல் சுழலும்போது வெடித்துச் சிதறலாம். பழகியவர் இதை யோசிக்காமலே செய்துவிடுவார். அதனாலேயே பிறருக்குச் சொல்ல மறந்துவிடுவார். தாளில் எழுதியபின் நான்கு கட்டம்: கற்கிறவரின் பதற்றத்தைப் போக்கி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, சொல்லிக்கொண்டே செய்து காட்டுவது, அவரைக் காரணத்தோடு சொல்லிக்கொண்டே செய்யவைப்பது, பிறகு தனியாக விட்டு அடிக்கடி போய்ப் பார்ப்பது. கற்றவர் தவறினால் முதலில் தன் கற்பித்தலைச் சோதிக்க வேண்டும் என்ற பழக்கம் இங்கேதான் வருகிறது. தலைமைக்கு அடிப்படை அந்தப் பழக்கமே என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, ஆட்களின் பிரச்சினை. காலை ஷிஃப்டுக்கு ஒருவர் இரண்டு வாரமாகத் தாமதமாக வருகிறார் என்றால், மெமோ எழுதுமுன் அதை உங்கள் ஆளிடம் ஒப்படையுங்கள். விவரங்களைத் திரட்டட்டும்: பழைய வருகைப் பதிவு, பேருந்து நேரம், வீட்டு நிலைமை, அவரே சொல்லும் காரணம். பிறகு சீர்தூக்கி முடிவெடுத்து, அதைச் செயல்படுத்தி, ஒரு வாரம் கழித்துப் பலன் என்ன என்று பார்க்கட்டும்.

மூன்றாவதாக, ஷிஃப்டின் ஒரு துண்டை அவர் கையில் கொடுங்கள். முதலில் ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஒப்படைப்பு, பிறகு ஒரு லைன். எந்த முடிவை அவரே எடுக்கலாம், எதைக் கேட்டுச் செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதுகாப்பு விதிகள் தொடக் கூடாதவை. ஷிஃப்ட் முடிந்ததும் கால் மணி நேரம் உட்காருங்கள். அமெரிக்க ராணுவம் பயிற்சிக்குப் பின் நடத்திவரும் அலசலின் கேள்விகளே போதும்: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வோம்? மூத்தவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

தவறு நடந்தால் சரக்கு வீணாகுமே என்பார்கள். வீணாகலாம், அதனால்தான் எல்லையை முதலிலேயே வரையச் சொல்கிறேன். பயிற்சியே இல்லாத ஒருவரிடம் முழு ஷிஃப்டையும் திடீரென்று கொடுக்கும்போது வரும் நஷ்டத்தை மட்டும் ஏனோ யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நேரமில்லை என்பது இன்னொரு மறுப்பு. போரின் நெருக்கடியிலேயே பத்து மணி நேரம் ஒதுக்க முடிந்தது. அனுபவமே போதும், அலசல் எதற்கு என்பவர்களுக்கு: இருபது வருடம் ஒரே தவறைச் செய்துவரும் சூப்பர்வைசர்கள் எல்லாத் தொழிற்கூடத்திலும் இருக்கிறார்கள். கற்றலில் 70 பங்கு வேலையில், 20 பங்கு பிறரிடம், 10 பங்கு வகுப்பில் என்று மேலாண்மைத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். வெற்றி பெற்ற அதிகாரிகள் தாங்கள் கற்ற விதத்தை நினைவுகூர்ந்து சொன்னதிலிருந்து வந்தது அது. அளந்து கண்ட விகிதமல்ல. வகுப்புக்கும் இடமுண்டு. தொழிலாளர் சட்டத்தையும் செலவுக் கணக்கையும் வகுப்பில் கற்பதே நல்லது.

ஒரு ஆள், ஒரு வேலை, ஒரு தாள் என்று இந்த வாரமே தொடங்குங்கள். அவர் பெயரை இன்றைக்கே முடிவு செய்து, அவரிடமும் சொல்லிவிடுங்கள்.