மாட்டுக்கும் இடம் வேண்டும்

கேள்வி: வங்கதேசத்தில் புயல் உயிர்ப்பலி இவ்வளவு குறைந்தது எப்படி? (வாசகி, கடலூர்)

பதில்: 1970 போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள், 2007 சித்ர் புயலில் சுமார் 3,400 பேர். செயற்கைக்கோள் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. 1972 முதல் ஊர்க்காரர்களே புயல் எச்சரிக்கைத் தொண்டர்கள். மெகாபோனும் கையால் சுழற்றும் சங்குமாக வீடு வீடாகப் போவார்கள். ஆபத்து நெருங்க நெருங்கக் கொடி ஒன்று, இரண்டு, மூன்றாகும். தூண்கள்மேல் நிற்கும் புகலிடங்கள் பலவும் மற்ற நாளில் பள்ளிக்கூடங்கள். குழந்தைக்குக்கூட வழி தெரியும்.

ஆனால், மாட்டை விட்டுவர மனமின்றி வீட்டிலேயே தங்கியவர்கள் உண்டு. அது பேராசையல்ல, பிழைப்பு. அதைப் புரிந்துகொண்டு கால்நடைகளுக்கென்றே மண்மேடுகள் எழுப்பினார்கள். 1991 புயலில் பெண்களே அதிகம் இறந்தார்கள். ஆண்கள் நெருக்கியடிக்கும் புகலிடத்துக்குப் போகத் தயங்கியதும் ஒரு காரணம். இன்று அங்கே தொண்டர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள்.