ஆண்டறிக்கையில் ஆட்களைப் பற்றி எழுதும்போது

ஊழியர்களின் மதிப்பை ரூபாயில் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் 1970களிலேயே பெல் (BHEL) நிறுவனத்தில் இருந்தது. 1990களில் இன்ஃபோசிஸும் அதைச் செய்தது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையில் ஊழியர் விவரங்களையும் தர வேண்டும் என்பதை 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியது. அந்தப் பக்கங்களைத் தயாரிக்கும் கணக்குப் பிரிவினருக்கும் ஹெச்.ஆர். பிரிவினருக்கும் இந்தக் குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• ரூபாய் மதிப்பைப் போட்டால், எந்தத் தள்ளுபடி விகிதத்தில் கணக்கிட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். 1971இல் வந்த லெவ்–ஷ்வார்ட்ஸ் முறை, ஒருவர் ஓய்வுபெறும்வரை வாங்கப்போகும் சம்பளத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறது. ஆண்டுச் சம்பளம் 10 லட்சம், அது உயரவே இல்லை, இன்னும் 20 ஆண்டு சர்வீஸ் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதத்தில் கணக்கிட்டால் அவர் மதிப்பு சுமார் 85 லட்சம். 14 சதவீதத்தில் சுமார் 66 லட்சம். ஆளும் அதே ஆள், வேலையும் அதே வேலை. விகிதத்தை மறைத்துவிட்டு மொத்தக் கோடியை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சிடுவது வாசகரை ஏமாற்றுவதே.

• காண்ட்ராக்ட் தொழிலாளர்களையும் எண்ணுங்கள். செபியின் படிவத்தில் நிரந்தரம் அல்லாதவர்களுக்கும் இடம் இருக்கிறது. எண்ணிக்கையை ஒப்பந்தக்காரரிடம் கேட்டு வாங்குவதோடு நிற்காமல், கேட் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள்.

• பிரசவ விடுப்பு முடிந்து எத்தனை பெண்கள் திரும்பினார்கள், ஓராண்டு கழித்தும் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். நான் முதலில் புரட்டுவது இந்த வரியைத்தான். ஒரு நிறுவனம் ஆட்களை எப்படி வைத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எண் எனக்குத் தெரியவில்லை.

• சராசரிச் சம்பளத்தோடு இடைநிலைச் சம்பளத்தையும் தாருங்கள். மேலே நாலு பேர் வாங்கும் கோடிகள் சராசரியைத் தூக்கிவிடும்.

செய்யக்கூடாதவை

• ஊழியர்களின் ரூபாய் மதிப்பை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக ஏற்றாதீர்கள். இந்தியக் கணக்கியல் தரநிலை 38 அதற்கு இடம் தருவதில்லை. நாளைக்கே ராஜினாமா கடிதம் கொடுக்கும் உரிமை உள்ளவர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள சொத்து ஆகமாட்டார். அவருக்குத் தர வேண்டிய பணிக்கொடையோ உங்கள் கடன். அதைக் குறைத்துக் காட்டாதீர்கள்.

• பயிற்சி மணிநேரத்தைக் கூட்டிக் காட்டிப் பெருமைப்படாதீர்கள்.

• பாலியல் தொல்லைப் புகார் ‘இல்லை’ என்பதைச் சாதனையாக எழுதாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைத்த உள்ளகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று இரவு ஷிஃப்ட் பெண்ணுக்குத் தெரியுமா? முதலில் அதைக் கேளுங்கள்.

• உங்கள் வளாகத்துக்குள் இறந்தவரை ‘ஒப்பந்தக்காரரின் ஆள்’ என்று சொல்லி விபத்துக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். அவர் ஏறி நின்ற சாரம் உங்களுடையது.