அயர்லாந்துப் பசியும் ஸ்காட்லாந்துச் சுரங்கமும்

பிறந்த மண்ணை விட்டு மனிதன் எளிதில் பெயர்வதில்லை. வயிறு காய்ந்தால்தான் பெயர்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து மக்கள் கடல் கடந்து ஸ்காட்லாந்துச் சுரங்கங்களில் இறங்கிய வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். "வந்தேறிகளால் உள்ளூரான் கூலி குறைந்தது" என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இடம்பெயர்ந்த காரணம்

அயர்லாந்தின் ஏழைக் குடியானவன் உருளைக்கிழங்கையே நம்பி வாழ்ந்தான். 1845இல் அப்பயிரை நோய் தாக்கியது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத எண்ணிக்கையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். அமெரிக்கா செல்லக் காசில்லாதவர்களுக்கு ஸ்காட்லாந்து அருகில் இருந்தது. நீராவிக் கப்பலின் மேல்தளத்தில் மிகக் குறைந்த கட்டணத்தில் கிளாஸ்கோ நகரை அடையலாம். 1851ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஸ்காட்லாந்தில் வாழ்ந்த அயர்லாந்துப் பிறப்பினர் ஏறத்தாழ 2,07,000 பேர். அதாவது மக்கள் தொகையில் சுமார் 7 விழுக்காடு.

வேலை கிடைத்த காரணம்

பஞ்சம் மட்டும் காரணமன்று. 1828இல் நீல்சன் என்பவர், உலைக்குள் சூடான காற்றைச் செலுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். இதனால் இரும்பு உருக்க முன்னைவிட மிகக் குறைந்த நிலக்கரியே போதுமானதாயிற்று. லனார்க்‌ஷயர் மாவட்டத்தில் நிலக்கரியும் இரும்புக் கனியும் அருகருகே கிடைத்தன. கோட்பிரிட்ஜ் போன்ற சிற்றூர்கள் உலைகள் எரியும் நகரங்களாயின. ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன.

கூலிச் சிக்கல்

ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளர் சட்டப்படி சுரங்கத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளாய் இருந்து, 1799இல்தான் முழு விடுதலை பெற்றவர்கள். நாளொன்றுக்கு இவ்வளவுதான் வெட்டுவோம் என்று தமக்குள் வரம்பு கட்டிக்கொண்டு கூலியைக் காத்தனர். இக்கட்டுப்பாட்டை உடைக்க முதலாளிகள் அயர்லாந்தினரை அழைத்தனர். வேலைநிறுத்தத்தின்போது கருங்காலிகளாகவும் பயன்படுத்தினர். பகை மூண்டது. அயர்லாந்திலிருந்து வந்தவர்களிலும் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என இரு பிரிவினர் இருந்தமையால் மதச் சண்டையும் சேர்ந்தது.

ஆனால் கூலியைக் குறைத்தவர் யார்? கூலியைத் தீர்மானித்தவர் முதலாளி. வீடு அவருடையது, பல இடங்களில் கடையும் அவருடையது. பணத்திற்குப் பதில் பண்டமாகக் கூலி தருவதை 1831ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும், கம்பெனிக் கடைகள் நெடுங்காலம் நீடித்தன. வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். இந்த விலங்கு இரு நாட்டார் கால்களிலும் ஒன்றுபோலவே கிடந்தது.

மண்ணுக்கடியில் வேற்றுமை இல்லை

1877 அக்டோபர் 22ஆம் நாள் பிளாண்டயர் சுரங்கத்தில் வாயு தீப்பற்றி வெடித்தது. 200க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களில் ஸ்காட்லாந்தினரும் உண்டு, அயர்லாந்தினரும் உண்டு. அடுத்த ஆண்டே, கம்பெனி வீடுகளைக் காலி செய்யாத 34 விதவைகள் மீது வழக்குத் தொடுத்து அவர்களை வெளியேற்றினர். எந்த நாட்டுக்காரன் மனைவி என்று அங்கு யாரும் கேட்கவில்லை.

காலப்போக்கில் அயர்லாந்தினரும் தொழிற்சங்கங்களில் சேர்ந்தனர், தலைமையும் ஏற்றனர். 1869இல் அயர்லாந்தில் பிறந்த ஜான் வீட்லி, சிறு வயதில் குடும்பத்துடன் லனார்க்‌ஷயருக்கு வந்தார். ஒற்றை அறை வீட்டில் வளர்ந்து, தந்தையைப்போலச் சுரங்கத்தில் உழைத்தார். 1924இல் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சி அரசில் சுகாதார அமைச்சரானார். அவர் கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டத்தால் ஏறத்தாழ 5 இலட்சம் வாடகை வீடுகள் எழுந்தன. ஒற்றை அறையின் துன்பத்தை அறிந்தவர், எல்லோருக்கும் வீடு கேட்டார்!

எனினும் வெறுப்பு உடனே அடங்கவில்லை. 1923இல்கூட ஸ்காட்லாந்துத் திருச்சபையின் குழுவொன்று, அயர்லாந்தினரை நாட்டுக்கு வந்த அபாயமாகச் சித்திரித்து அறிக்கை தந்தது.

முடிவுரை

பசித்து வந்தவன் குறைந்த கூலிக்கு இசைந்தது உண்மை. ஆனால் அவன் பசியைக் கருவியாக்கி இலாபம் கண்டவர் வேறு. பக்கத்தில் நின்று கரி வெட்டியவனைப் பகைவன் என எண்ணியவரை இருவரும் தோற்றனர். தோழன் என உணர்ந்தபோதே இருவரும் நிமிர்ந்தனர். வரலாறு பயிலும் மாணவர்கள் நெஞ்சில் நிறுத்தவேண்டிய பாடம் இதுவே.