தூக்கத்தைக் காலண்டரில் எழுதுங்கள்: இருமுனை மனநோய் உள்ள வீட்டுக்குச் சில குறிப்புகள்

என் தம்பிக்கு இருமுனை மனநோய். டாக்டர்கள் பைபோலார் என்பார்கள். சில வாரங்கள் மனம் தறிகெட்டு மேலே ஏறும், அது மேனியா. சில மாதங்கள் எழுந்து பல் தேய்க்கவும் முடியாமல் படுத்துக் கிடப்பான். இரண்டுக்கும் நடுவே நல்ல காலம் உண்டு, அப்போது மோட்டார் காயில் கட்டும் கடையை அவனே நடத்துகிறான். 14 வருஷத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை அவனிடம் படித்துக் காட்டினேன். "போடுக்கா, யாருக்காவது உதவும்" என்றான்.

1. தூக்கத்தை எழுதி வையுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். முதல் தடவை வந்தது ஒரு மார்கழியில். ராத்திரி 2 மணிக்குச் சமையலறையில் சத்தம். பரணில் கிடந்த பித்தளை அண்டா, குத்துவிளக்கு, பாட்டியின் தூக்குச்சட்டி எல்லாவற்றையும் இறக்கி வைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். "விடியறதுக்குள்ள முடிச்சிடுவேன்க்கா" என்றான். முகத்தில் துளிக் களைப்பு இல்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். அதற்கு முந்தின நாலு ராத்திரியும் அவன் கண்மூடவில்லை என்பதை நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தூக்கம் குறைந்தும் அசதி இல்லையென்றால் அதுதான் முதல் மணி.

மளிகைக்கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர் இதற்கு நல்லது, கட்டம் பெரிதாக இருக்கும். தேதி கிழிக்கும் காலண்டர் வேண்டாம்; தாளோடு கணக்கும் போய்விடும். எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதை நோயுள்ளவரே எழுதட்டும். தொடர்ந்து 2 ராத்திரி 5 மணி நேரத்துக்குக் குறைந்தால் எங்கள் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். உங்களுக்கு எத்தனை என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் கெடுவதே மேனியாவை இழுத்துக்கொண்டு வரும். அதனால் நைட் ஷிப்ட், ராத்திரி பஸ், கல்யாண வீட்டில் கண்விழிப்பது எல்லாவற்றையும் யோசித்துச் செய்யுங்கள். சாயங்காலத்துக்கு மேல் காப்பி, டீ வேண்டாம்.

2. ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும். ஞாயிறன்று அவரே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். "இப்பத்தான் நல்லா இருக்கேனே" என்று நிறுத்துகிற இடத்தில்தான் பல வீடுகள் சறுக்குகின்றன. நாங்களும் இரண்டு முறை சறுக்கினோம். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். கை நடுக்கம், எடை கூடுவது போல ஏதாவது தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். நாமாக நிறுத்தக் கூடாது.

3. லித்தியம் சாப்பிடுபவர் வீட்டில் உப்பையும் தண்ணீரையும் கவனியுங்கள். லித்தியம் ஓர் உப்பு வகை. அது மேனியாவை அடக்குவதாக ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் 1949-ல் எழுதினார். இன்றும் அதற்கு நிகராகச் சொல்ல மருந்துகள் சிலவே. ஆனால் உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறிவிடும். ஆகவே திடீரென்று உப்பில்லாப் பத்தியம் வேண்டாம். சித்திரை வெயிலில் கடைக்குப் போகும்போது தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். சஷ்டி விரதமோ ரம்ஜான் நோன்போ, டாக்டரிடம் கேட்டுவிட்டு இருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே போன் செய்யுங்கள்.

மூட்டுவலி, பல்வலி என்று கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். பாராசிட்டமால் அப்படிச் செய்யாது. கை பெரிதாக நடுங்குவது, பேச்சுக் குழறுவது, நடை தள்ளாடுவது தெரிந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. லித்தியம் அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் பையில் எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த பிறகு விழுங்கலாம். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனையையும் டாக்டர் சொன்ன தவணையில் விடாமல் செய்யுங்கள்.

5. இந்த நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும். குழந்தைக்கு யோசிக்கும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். நாள் தள்ளிப் போன பிறகு பயந்து, மாத்திரையைத் தூக்கிப் போடுவதும் ஆபத்து.

6. பணத்தைப் பற்றி நல்ல காலத்திலேயே பேசிவிடுங்கள். ஒரு மேனியாவில் தம்பி மூன்று பழைய லேத் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தான். அவன் கடைக்கு லேத்தே தேவையில்லை. தெளிந்தபின் அந்த ரசீதுகளைப் பார்த்து அவன் அழுததை என்னால் மறக்க முடியாது. இப்போது அவனே வகுத்த ஏற்பாடு: கார்டில் தினசரி வரம்பு, வீட்டுப் பத்திரமும் நகையும் என் பொறுப்பில், 2,000 ரூபாய்க்கு மேல் எதை வாங்கினாலும் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு. எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அது அவர் உழைத்த காசு.

7. மேலே ஏறியிருக்கும்போது வாதம் வேண்டாம். டிவியை அணையுங்கள், வந்த விருந்தாளியை அனுப்பிவையுங்கள், குரலைத் தாழ்த்துங்கள். அவர் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

8. கீழே இறங்கியிருக்கும்போது "மனச தைரியமா வச்சுக்கோ" என்பது காயப்படுத்தும். சின்ன வேலையாகச் சொல்லுங்கள். நான் வெங்காயத்தையும் கத்தியையும் தட்டில் வைத்து அவன் கட்டிலுக்கே கொண்டுபோவேன். சில நாள் தொடமாட்டான். ஒருநாள் இரண்டு உரித்தான், மறுநாள் சாம்பாருக்கு வேண்டிய அத்தனையும். இன்னொன்று: முன்பு மேனியா வந்ததைச் சொல்லாமல் வேறு டாக்டரிடம் மனச்சோர்வு மாத்திரை மட்டும் வாங்காதீர்கள். அது மேலே தூக்கி எறிந்துவிடலாம்.

9. சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டை விட்டே அகற்றுங்கள், மாத்திரை இருப்பைப் பூட்டி வையுங்கள், அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் அந்த எண் ஒட்டியிருக்கிறது.

10. செய்வினை, ஏவல் என்று சொல்ல ஆள் வரும். கோயிலுக்கோ தர்காவுக்கோ போய் வேண்டிக்கொள்ளுங்கள், நாங்களும் போகிறோம்; மாத்திரை டப்பாவும் கூடவே வரும். ஆனால் கட்டிப்போடும் இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியோடு கிடந்தவர்கள் ஓட வழியின்றி 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை இன்று சட்டமே தடுக்கிறது. "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்பதும் தவறு. கல்யாணம் வைத்தியம் அல்ல. இந்த நோயோடு நல்ல குடும்பம் நடத்துபவர்கள் நிறைய உண்டு, ஆனால் மறைத்துச் செய்யாதீர்கள்.

11. தெளிவாக இருக்கும்போது எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, யார் கூட இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் கொடுத்திருக்கிறது. தன் சார்பில் பேச ஒருவரையும் குறிப்பிடலாம். தம்பி என் பெயரை எழுதியிருக்கிறான். "அக்கா அழுதால் அவளுக்கு முதலில் காப்பி கொடுக்கவும்" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறான்.

12. பழைய காலண்டர்களைப் போட்டுவிடாதீர்கள். டாக்டருக்கு அவைதான் சாட்சி, வீட்டுக்கும். ஆரம்ப வருஷங்களில், தூக்கம் கெட்ட நாட்களைச் சுற்றிப் போட்ட சிவப்பு மை வட்டங்கள் நெருங்கிக் கிடக்கும். பின்னால் வரவர இடைவெளி கூடியிருக்கிறது. கடைசி வட்டம் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. போன கார்த்திகைக்குப் பித்தளை விளக்குகளை இறக்கித் தந்தேன், பகலில்தான். இருட்டியதும் பாதியில் கையைக் கழுவினான். "மிச்சம் நாளைக்குக்கா." மறுநாள் காலை, காலண்டர் கட்டத்தில் ஏழரை என்று எழுதியிருந்தது.