விளைபொருள் வண்டிகளில் வில்லும் அதிர்வடக்கியும்

தோட்டத்தில் பழுதின்றிப் பறித்துக் கூடையில் அடுக்கிய தக்காளி, சந்தையை அடையும்போது நசுங்கியும் வெடித்தும் இருப்பதைக் குடியானவர்கள் பலரும் கண்டிருப்பார்கள். இதற்குப் பாதையே காரணம் என்று சொல்லி விடுவது வழக்கம். பாதையைச் செப்பனிடுவது ஒருவர் கையில் இல்லை. ஆயினும், பாதையின் அதிர்ச்சி சரக்கில் எவ்வளவு ஏறுகிறது என்பது வண்டியின் வில்லையும், ஷாக் அப்ஸார்பர் என்று வழங்கும் அதிர்வடக்கியையும் பொறுத்தது. இவ்விரண்டும் வெவ்வேறு வேலைக்கு ஏற்பட்டவை. இதை அறியாமையால் வீண் செலவும், சிற்சில சமயங்களில் விபத்தும் நேருகின்றன.

வில்லின் வேலை

வண்டியின் மேற்பளு முழுவதும் வில்லின் மேலேயே நிற்கிறது. சிறு சரக்கு வண்டிகளின் பின் அச்சில் பெரும்பாலும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, நடுவே போல்ட்டினால் இறுக்கிய பட்டை வில் இருக்கும். சக்கரம் மேட்டில் ஏறும்போது வில் வளைந்து அந்த வேகத்தைத் தன்னுள் வாங்கிக் கொள்கிறது. பளுவினால் வில் எவ்வளவு அதிகமாய்த் தாழ்கிறதோ, அவ்வளவுக்கு அதன் ஆட்டம் நிதானமாகும். 4 செ.மீ. தாழ்ந்த வில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 150 தடவை ஆடும், 16 செ.மீ. தாழ்ந்தது 75 தடவையே ஆடும். காலி வண்டி தூக்கிப் போடுவதும், நிறை வண்டி மெத்தென்று செல்வதும் இதனாலேயாம்.

அதிர்வடக்கியின் வேலை

வாங்கிய வேகத்தை வில் திருப்பிக் கொடுத்தே தீரும். அடக்குவது ஒன்றும் இல்லையெனில் வண்டி நெடுநேரம் துள்ளிக்கொண்டிருக்கும். துள்ளும் சக்கரம் தரையை விட்டு எழும்புவதால் பிரேக்கும் நன்றாய்ப் பிடிப்பதில்லை. அதிர்வடக்கியின் குழாயினுள் எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் அந்த எண்ணெயைச் சிறு துவாரங்களின் வழியே பிதுக்கித் தள்ளும்போது, ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகிறது.

பளுவைச் சுமப்பது அதிர்வடக்கியின் வேலையன்று. வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிட்டதென்று கடினமான அதிர்வடக்கியை வாங்கி மாட்டுவது, நீர் காணாமல் வாடும் பயிருக்கு மருந்து தெளிப்பதை ஒக்கும். தாழ்வுக்குக் காரணம் தளர்ந்த பட்டை, முறிந்த பட்டை, அல்லது மிகுபளு ஆகும். பட்டையைக் கூட்டினால் வண்டி உயரும் என்பது உண்மையே. ஆனால் அச்சும், பிரேக்கும், டயரும் முன்போலவே இருப்பதால், பதிவுச் சீட்டில் குறித்த பளுவுக்கு மேல் ஏற்றுவது அபாயம். அன்றியும், அரைப் பளுவோடு செல்லும் நாட்களில் வில் விறைத்து நின்று பழத்தை அடித்துவிடும்.

தேர்ந்தெடுக்கும் முறை

வீடு கட்டிய மோட்டார் வண்டி எந்நாளும் ஏறக்குறைய ஒரே பளுவைச் சுமக்கும். அதற்கேற்ற கடினத்தைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம். விளைபொருள் வண்டியோ நிறைந்து போய்க் காலியாய்த் திரும்புவது. ஆகையால் மிகக் கடினமானதை விட்டு, வண்டி செய்தவர் குறித்த அளவையே வாங்குதல் நலம். முழுதும் நீண்டபோதும், முழுதும் அமுங்கியபோதும் உள்ள நீளம் இரண்டும் பொருந்த வேண்டும். கட்டையானது நீண்ட பள்ளத்தில் இழுபட்டு அறும். நீளமானது மேட்டில் முட்டி உடையும்.

கரடான பாதையில் நெடுந்தூரம் ஓடினால் எண்ணெய் சூடேறி நுரைக்கும். நுரைத்த எண்ணெய் ஆட்டத்தை அடக்காது. அழுத்தமாய் வாயு அடைத்த வகையில் இந்நுரை குறைவு. ஒற்றைக் குழாய் வகை வெப்பத்தை எளிதில் வெளிவிடும். ஆனால் கல் பட்டு அதன் குழாய் நெளிந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாய் வகை அவ்வடியைச் சற்றுப் பொறுக்கும். எதை வாங்கினும், ஓர் அச்சின் இரு புறமும் ஒருங்கே மாற்ற வேண்டும்.

பரிசோதனை

குழாயின் மேல் எண்ணெய் வழிந்திருத்தல், டயர் இடையிடையே குழிந்து தேய்தல், இரு முனைகளிலுமுள்ள ரப்பர் புஷ் நைந்திருத்தல் ஆகியவை பழுதின் அறிகுறிகள். மேடு பள்ளத்தில் சில மைல் ஓட்டி நிறுத்தியபின், அதிர்வடக்கிகளை ஜாக்கிரதையாய்த் தொட்டுப் பார்க்கலாம். மற்றவை சூடாயிருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம்.

டயரும் சரக்கும்

1888-ம் வருஷத்தில் காற்றடைத்த டயருக்குப் பேடண்ட் பெற்ற டன்லப் என்பவர் பெல்பாஸ்ட் நகரத்தில் கால்நடை வைத்தியராயிருந்தவர். அந்த டயரே வண்டியின் முதல் வில் ஆகும். காற்று மிகுந்தால் வண்டி தூக்கிப் போடும். குறைந்தால் டயர் சூடேறிக் கெடும். ஆகையால் பளுவுக்குத் தக்க காற்றையே அடைக்க வேண்டும். பின் அச்சுக்கு அப்பால் நீண்ட பாகத்தில் குலுக்கல் அதிகம். அங்கே பூசணி, கருணைக்கிழங்கு போன்றவற்றை வைத்து, தக்காளி, முட்டை முதலியவற்றை இரு அச்சுகளுக்கும் இடையே அடுக்குக. கூடைகளுக்கிடையே வைக்கோலைத் திணித்து, அவை அசையாவண்ணம் கட்டுக. இதற்கு ஆகும் செலவு சொற்பம். ஒரு பருவத்தில் மிஞ்சும் பழமே அதை ஈடு செய்யும்.