கட்டிப் பார்த்துவிட்டு வரை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். புடவையை மேசைமேல் விரித்து எடுத்ததில் நீ தீட்டிய தாமரைக்குளம் அவ்வளவு அழகு. இலையின் ஓரம் பழுப்பேறிச் சுருண்டிருப்பதைக்கூட விடாமல் தீட்டியிருக்கிறாய். ஆனால் உன் தோழி அதே புடவையைக் கட்டி நிற்கும் படத்தில் குளத்தையே காணோம். பாதி கொசுவத்துக்குள் போய்விட்டது, மீதி இடுப்பில் செருகியதில் மறைந்துவிட்டது. எல்லார் கண்ணும் படுகிற முந்தானையில் வெறும் பச்சை.

இனிமேல் தூரிகையைத் தொடுமுன் வெள்ளைப் பட்டை யாருக்காவது கட்டிப் பார், கண்ணு.

ஜப்பானில் கியோத்தோவின் யூசென் கலைஞர்கள் செய்வது இதுதான். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்த மியாசாகி யூசென் என்ற விசிறி ஓவியரின் பெயரால் வழங்கும் கலை அது. விசேஷ கிமோனோ என்றால் வெள்ளைப் பட்டை வெட்டி, நூலோட்டி, முதலில் உடையாகவே ஆக்கிவிடுவார்கள். கீழ் விளிம்பில் கிளம்பும் கிளை, தையலைத் தாண்டித் தோள்வரை ஏற வேண்டுமானால் அந்த உடைமேலேயே வரைவார்கள். அப்புறம் நூலைப் பிரித்துச் சாயமேற்றி, மறுபடி தைப்பார்கள். அந்த முதல் கோட்டுக்கு மை ஒரு நீலப் பூவின் சாறு. நம் வரப்போரத்துக் கானாவாழைக்கு உறவான செடிதான். தண்ணீர் பட்டால் கோடு போய்விடும்.

இட்சிகு குபோதா என்றொருவர் (1917–2003), ஒரே நிலக்காட்சி அடுத்தடுத்த கிமோனோக்களில் தொடர்ந்து ஓடும்படி செய்தார். ஃபூஜி மலையடிவாரத்தில் அவருக்கு அருங்காட்சியகமே இருக்கிறது. அற்புதமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அவை வரிசையாக நிறுத்திப் பார்க்க வேண்டியவை. உன் புடவை பஸ் ஏறும், பந்தியில் உட்காரும்.

கொசுவத்தில் விழும் பகுதிக்கு நாணலோ கோரையோ நெட்டுக்குத்தாக வரை. மடிப்பில் பாதி மறைந்தாலும் நாணல் நாணலாகவே தெரியும். தாமரையை முந்தானைக்குக் கொண்டுபோ. இலையை நேரில் பார்த்து வரைந்திருக்கிறாய், பூவை போனில் பார்த்திருக்கிறாய், இல்லையா? எல்லாப் பூவும் ஒரே அளவு விரிந்திருக்கிறது. காலையில் குளக்கரைக்குப் போய்ப் பார். நேற்று விரிந்ததும் இன்று விரிந்ததும் ஒன்றுபோல் இருக்காது. நாலாம் நாள் பூ இதழைக் கொட்டிக்கொண்டிருக்கும். அதையும் வரை.

இன்னொன்று. மூன்றாவது பூவின் நுனியில் இளஞ்சிவப்பு பச்சைக்குள் கசிந்திருக்கிறது. அங்கே சாயம் பரவாமல் பசையால் போடும் தடுப்புக்கோடு விட்டுப்போயிருக்கிறது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், சாயம் இழையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். கோடு போட்டதும் துணியைப் புரட்டி வெளிச்சத்தில் பார். பசை பின்பக்கம்வரை இறங்கியிருக்க வேண்டும். அவசரப்படாமல் நன்றாகக் காயவிட்டு அப்புறம் சாயத்தைத் தொடு.

கடைசியில் சாயம் நிலைக்கப் பானையில் ஆவியில் வைக்கும்போது மூடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் கறைதான், அதனால் துணிச்சுருளுக்கு மேலே கனமாகக் காகிதம் போடு. அந்தப் பானையைத் திரும்பச் சமையலறைக்குள் கொண்டுபோகாதே. அம்மாவிடமும் சொல்லி வை.

கட்டிப் பார்க்க ஆள் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வா, நானே கட்டிக்கொண்டு நிற்கிறேன். தையல் சாமான் கடையில் தண்ணீரில் அழியும் பேனா கிடைக்கும், வரும்போது வாங்கிக்கொண்டு வா.

அன்புடன்,
பெரியம்மா