பெயர் மாறிய மூதாதையரைத் தேடுவது எப்படி?

1803 ஜூன் மாதம் கண்டியிலிருந்த பிரித்தானியப் படை மேஜர் டேவியின் தலைமையில் சரணடைந்ததை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். அப்படையில் மலாய்ச் சிப்பாய்களும் இருந்தனர். அவர்களின் கப்டன் நூருத்தீன், கண்டி மன்னனிடம் சேவை செய்ய மறுத்ததால் கொல்லப்பட்டார். வேறு சிலர் மன்னனின் பக்கம் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் மலாய்ப் படையின் டிரம் மேஜர். அவருடைய பெயரைப் பற்றியதே இக்கட்டுரை.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமான காலத்தில் அவர் பிடிபட்டார். இராணுவ நீதிமன்றம் விதித்த மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1816இல் 'கங்காரு' என்னும் கப்பலில், மனைவி பிள்ளைகளோடு அவுஸ்திரேலியாவின் சிட்னியை அடைந்தார்.

ஆவணங்களில் அவர் பெயர் ஒரே மாதிரி இல்லை. ஓரிடத்தில் 'ஊடீன்', இன்னோரிடத்தில் 'ஓடீன்', வேறோரிடத்தில் 'வில்லியம் ஓ'டீன்'. கடைசிப் பெயரை மட்டும் பார்ப்பவர் அவரை அயர்லாந்துக்காரர் என்றே எண்ணுவார். அன்றைய சிட்னியில் ஐரிஷ் கைதிகள் ஏராளம். எழுதுவினைஞர்களின் காதுக்கு 'ஓ'வில் தொடங்கும் பெயர்கள் பழகியிருந்தன. ஆனால் நூருத்தீன், ஜமால்தீன் என்று நாளும் அழைக்கும் நமக்கு அந்த 'டீன்' அந்நியமானதன்று. 'உத்தீன்' என்பதே அவ்வாறு திரிந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அரபியில் 'தீன்' என்றால் மார்க்கம். ஐரிஷ் வழக்கில் 'ஓ' என்றால் இன்னாரின் பேரன். ஓர் எழுத்துக்கூட்டல் ஒரு குடும்பத்துக்கே வேறொரு பாட்டனைக் கொடுத்துவிடுகிறது!

அப்படியானால் இத்தகைய ஒருவரை எவ்வாறு தேடுவது? நான் வாசித்தறிந்த வழி இதுதான்: பெயரைப் பிடித்துக்கொண்டு தேடக்கூடாது. எழுதுபவர் எளிதில் மாற்ற முடியாதவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கப்பலும் ஆண்டும். நியூ சவுத் வேல்ஸில் 1828இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டில் ஒவ்வொருவரும் வந்த கப்பல், வந்த ஆண்டு, தண்டனை, சமயம், தொழில் ஆகியன பதியப்பட்டன. பெயர் எவ்வளவு திரிந்தாலும் கப்பல் திரிவதில்லை.

இரண்டாவது, தீர்ப்பு வழங்கப்பட்ட இடம். அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 1,62,000 கைதிகளுள் மிகப் பெரும்பாலோர் பிரித்தானியாவையும் அயர்லாந்தையும் சேர்ந்தவர்கள். இலங்கையில் தண்டிக்கப்பட்டோர் மிகச் சிலரே.

மூன்றாவது, உடன் வந்தவர்களும் தெரிந்த மொழியும். 1827 முதல் 1829 வரை வட அவுஸ்திரேலியாவின் ரஃபிள்ஸ் விரிகுடாவில் ஒரு பிரித்தானியக் குடியேற்றம் இருந்தது. அங்கே கடலட்டை பிடிக்க வந்த மக்காசார் மாலுமிகளுடன் பேச மலாய் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்பட்டார். அப்பணியில் இருந்தவர் இதே ஊடீன்தான். பெயர் மறைத்த மனிதரை அவருடைய மொழி காட்டிக் கொடுத்தது.

இம்முறை நமக்கும் உதவும். தந்தையின் பெயரையே சேர்த்து எழுதும் நம்மிடையே குடும்பப் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் காணி உறுதியில் இன்னொரு விதமாகவும் அதே பெயர் நிற்கிறது. எனவே உம்மும்மாவிடம் பெயரை மட்டும் கேட்காதீர்கள். எந்த ஊர், என்ன தொழில், எந்த ஆண்டு, யாரோடு வந்தார்கள் என்றும் கேட்டு, அவர்கள் சொல்லும்போதே எழுதி வையுங்கள். ஆவணக் காப்பகம் நாளையும் திறந்திருக்கும். உம்மும்மாவின் நினைவு அப்படியன்று.